மேல்காற்றில் பழகி மலை ஏறலாம்: நீலகிரிச் சவாரிக்கு நெல்லைச் சீமையில் தயாரானவர்களின் அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து

டிசம்பர் மாத நீலகிரிச் சைக்கிள் சவாரிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, "பயிற்சிக்கு எந்த மலைக்குப் போகணும் அண்ணாச்சி?" என்று கேட்கிறவர்கள் இந்த வருஷம் அதிகம். சந்தோஷமாக இருக்கிறது. 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்கிற அந்தச் சவாரி 2008-இல் தொடங்கிய காலத்தில் நம்ம பக்கம் கியர் சைக்கிளைப் பார்ப்பதே அபூர்வம். இன்றைக்கு விடியற்காலையில் வண்ணார்பேட்டையில் நின்றால் ஹெல்மெட் போட்ட நாலு பேராவது கடந்து போகிறார்கள். எனக்குத் தெரிந்ததையும் வழியில் சந்தித்தவர்களிடம் கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன். மற்றவர்களும் அவரவர் அனுபவத்தைச் சேருங்கள்.

முதலில் மலை. மேற்கே திரும்பினால் பொதிகை கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் மாஞ்சோலைக்கும் காரையாருக்கும் போகிற சாலைகள் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. சோதனைச்சாவடியைத் தாண்ட வனத்துறை அனுமதி வேண்டும். வாராவாரம் போய்ப் பயிற்சி எடுக்கிற இடம் அது இல்லை, அப்படி ஆகவும் கூடாது. அந்தக் காடு காடாக இருப்பதால்தான் தாமிரபரணியில் தண்ணீர் ஓடுகிறது.

சரி, அப்போ என்ன செய்ய? நமக்கு மேல்காற்று இருக்கிறது. வைகாசிக் கடைசியில் ஆரம்பித்து ஆவணி வரைக்கும் செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைகிற காற்று தென்காசி, பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் என்று வரிசையாக உலுக்கி எடுக்கும். காற்றாலைக்காரர்கள் அந்த இடங்களைச் சும்மா தேடிப் பிடிக்கவில்லை. நம்மவர்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில் சைக்கிளை வீட்டுக்குள் சாத்தி வைத்துவிடுகிறார்கள். "காத்து நிக்கட்டும், புரட்டாசியில பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த மூன்று மாதத்தை விட்டால் மலைக்கான கால் நமக்கு வேறு எங்கேயும் கிடைக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றத்தில், அதாவது நூறு மீட்டர் போனால் எட்டு மீட்டர் உயர்கிற சாலையில், மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏற ஏறக்குறைய 160 வாட் சக்தி வேண்டும். சமதரையில் மணிக்கு 30 கி.மீ. வேக எதிர்காற்றில் 15 கி.மீ. வேகத்தில் போகவும் கிட்டத்தட்ட அதே 160 வாட்தான் ஆகிறது. காலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும்போது 36 கொண்டை ஊசி வளைவுகள். மொத்தம் 1,200 மீட்டருக்கு மேல் உயரம், அதில் பெரும்பங்கு ஒரு பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறது. மிதியோடு சுற்றுகிற முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்சக்கரத்துப் பல்சக்கரத்தில் 34 பல் போட்டால் மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது 2.1 மீட்டர். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. ஆக, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காலை நிறுத்தாமல் மிதிக்க வேண்டும். மேம்பாலத்திலோ சின்னக் குன்றிலோ ஏறிப் பழகினால் சில நிமிஷத்தில் உச்சி வந்துவிடும், இறங்கும்போது கால் ஓய்ந்துவிடும். திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம் ஏறக்குறைய 30 கி.மீ. ஆடி மாதம் மதியத்துக்கு மேல் மேற்கே பார்த்துக் கிளம்பினால் இரண்டு மணி நேரம் ஒரு சுற்றுகூடச் சும்மா உருளாது. மிதியை விட்டால் சைக்கிள் அங்கேயே நின்றுவிடும். அந்த விடாத இழுப்புதான் கல்லட்டியில் கைகொடுக்கும்.

ஆலங்குளம் தாண்டி ஒரு நாள் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். பழைய கம்பி கேரியர் சைக்கிள், பின்னால் கத்தரிக்காய் மூட்டை, பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். காற்று நேர் எதிரே. நான் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார், வேட்டியை மடித்துத் தொடைக்கு அடியில் செருகியிருந்தார், படபடவென்று அடிக்க எதுவுமே இல்லை. காற்று வலுத்தபோது அவர் அழுத்தி மிதிக்கவில்லை. மிதி அதே தாளத்தில் போனது, வேகம் மட்டும் குறைந்தது. காற்று தணிந்ததும் தானாகவே வேகம் கூடியது. பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "காத்தோட மல்லுக்கு நிக்கக் கூடாது தம்பி. அது பாட்டுக்கு அடிக்கும், நாம பாட்டுக்கு மிதிக்கணும். மூச்சு வாங்குச்சுன்னா மூட்டை சந்தை போய்ச் சேராது" என்றார். வாட் கணக்குப் புத்தகங்கள் 'சக்தியைச் சீராக வைத்திரு, வேகத்தைப் பார்க்காதே' என்று சொல்கிறதே, அதை வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிற மனிதர் அவர். அன்றிலிருந்து நான் காற்றுக்குள் போகும்போது மீட்டரில் வேகம் தெரிகிற பக்கத்தை மாற்றி வைத்துவிடுவேன். பக்கத்தில் வருகிறவரிடம் இரண்டு வாக்கியம் தொடர்ந்து பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருந்தால் சரியான வேகம்.

காற்று கற்றுத் தராதவையும் உண்டு, அவற்றையும் சொல்லியாக வேண்டும். எதிர்காற்றில் உடம்பைக் குனித்தால் பாரம் குறையும். மலையில் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் ஏற்றம் அதேதான், அங்கே நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பிடியின் மேல்பகுதியைப் பிடித்து, நெஞ்சை விரித்து மூச்சு வாங்குவது நல்லது. எதிர்காற்று வியர்வையை உலர்த்தும். மலையில் ஏழெட்டு கி.மீ. வேகத்தில் காற்றே மேலே படாது, குளிர் ஊரிலும் வியர்த்துக் கொட்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் நம்ம ஊரைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கீழே பழகிய வேகத்தை மேலே எதிர்பார்க்காதீர்கள். அப்புறம் இறக்கம். அதைப் பற்றித் தென்காசிக்காரர்கள் சொன்னால் சரியாக இருக்கும்.

தென்காசியிலிருந்து

அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார், எழுதுகிறேன்.

எங்களுக்கு ஏற்றம் இறக்கம் இரண்டும் தருவது புளியரை. செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை 744 புளியரை தாண்டியதும் ஏற ஆரம்பிக்கும். அந்த எஸ் வளைவு எல்லோருக்கும் தெரியும். ஏறி எல்லையைக் கடந்தால் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை வரைக்கும் காட்டு நிழலில் இறங்கலாம். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதே சாலை இப்போது ஏற்றம். செங்கோட்டையிலிருந்து தென்மலை போய்த் திரும்ப ஏறக்குறைய 60 கி.மீ. ஒரே சவாரியில் ஏற்றமும் இறக்கமும் இரண்டு தடவை கிடைக்கிற சாலை நம்ம சுற்றுவட்டாரத்தில் இது ஒன்றுதான்.

ஆனால் லாரி. இரவும் பகலும் பாரம் ஏற்றிய லாரிகள் கேரளாவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். விடிந்த கையோடு போய்விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நல்லது. முன்விளக்கு பின்விளக்கு இரண்டும் பகலிலும் எரியட்டும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மணல் கிடக்கும், வளைவில் அதில் சக்கரம் ஏறினால் வழுக்கும்.

ஒரு ஆனி மாதச் சாரலில் எஸ் வளைவுக்கு முன்னால் ஒரு லாரி எனக்குப் பின்னால் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை, முந்தவும் இல்லை. வளைவு முழுக்க என் பின்னாலேயே மெதுவாக வந்தது. மேலே டீக்கடையில் டிரைவரும் இறங்கினார், சங்கரன்கோவில் பக்கத்து ஆள். நன்றி சொன்னேன். "உங்களுக்காக மட்டும் இல்ல சார், வளைவுல முந்துனா எனக்கும் எதுக்க வாரது தெரியாது" என்றார். பேச்சு இறக்கத்துக்குப் போனது. ஏறின கியரிலேயே இறங்கணும், நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் பாதியில் பிரேக் பிடிக்காது என்றார். லைனிங் சூடேறிக் கருகிய வாசனை வந்த ஒரு வண்டியின் கதையையும் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகு சைக்கிள் இறக்கத்தையும் நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். 85 கிலோ பாரம் 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியேறுகிற சக்தி ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். மெதுவாக இறங்கினால் அதில் பெரும்பங்கு பிரேக்கில்தான் சூடாக இறங்கும். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால் ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கிற அபாயம் இருக்கிறது. டிஸ்க் என்றாலும் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே போனால் பிடிமானம் குறையும். அதனால் வளைவுக்கு முன்னால் நேர் சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்தி உருள விட வேண்டும், வளைவு முடிந்ததும் ரிம்முக்குக் காற்று வாங்க நேரம் கொடுக்க வேண்டும். வளைவுக்குள் வெளிப்பக்கத்து மிதி கீழே இருக்கட்டும், உடம்பின் பாரம் அதில் இருக்கட்டும். கண் போகிற பக்கம் சைக்கிள் போகும், பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போகும். வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள்.

கை விரல் வலிதான் பலருக்குப் புதுசு. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து முன்கை இறுகிவிடும், விரல் மடங்காது. இதற்கு இறங்கித்தான் பழக வேண்டும், வேறு வழி கிடையாது. பண்பொழி திருமலைக் கோயில் மலைச்சாலையும் நல்ல இடம், கோயில் ஆட்களிடம் கேட்டுக்கொண்டு கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். சின்னச் சாலை, ஆனால் வளைவுகள் நெருக்கம். ஏறுவதற்காகப் போகிறவர்கள் இறங்கும்போது அவசரப்படுவதைப் பார்க்கிறேன். எனக்கு அது மாறிக் கிடக்கிறது என்று தோன்றும். ஏற்றத்தில் தோற்றவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம், இறக்கத்தில் அந்த வசதி கிடையாது.

குளிருக்கு ஒரு விஷயம். வியர்வையில் நனைந்த சட்டையோடு ஊட்டியிலிருந்து இறங்கினால் நெஞ்சு நடுங்கும், நடுக்கத்தில் பிரேக் பிடிக்க முடியாது. ஐரோப்பாவில் பந்தயக்காரர்கள் மலை உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு இறங்குவார்கள், பழைய வழக்கம். நான் சாரல் காலத்தில் தினத்தந்தியை மடித்து வைத்துப் பார்த்தேன், நன்றாகக் காக்கிறது. காற்று புகாத மெல்லிய ஜாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது.

அம்பாசமுத்திரத்திலிருந்து

விடிந்த கையோடு போங்கள் என்று தென்காசிக்காரர் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கம் அந்த 'விடிந்த' என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு போகிற சாலை எனக்கு வீட்டு வாசல் மாதிரி. வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று சிநேகிதர் ஒருவரோடு இருட்டிலேயே கிளம்பியிருந்தேன். வாழைத்தோட்டம் ஓரம் கருப்பாக ஒன்று சாலையைக் கடந்தது. முதலில் எருமைக்கன்று என்று நினைத்தோம். வெளிச்சம் பட்டதும் அது நின்று, பின்னங்காலில் எழுந்து, மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தது. கரடி. நெஞ்சில் வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரிந்தது. பத்துப் பதினைந்து மீட்டர்தான் இருக்கும்.

சிநேகிதர் சைக்கிளைத் திருப்பப் பார்த்தார், நான் கையைப் பிடித்தேன். இரண்டு பேரும் சைக்கிளை எங்களுக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், பேசாமல் பின்னுக்கு நடந்தோம். விளக்கைத் தரையைப் பார்த்துத் தாழ்த்திவிட்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அது தோட்டத்துக்குள் இறங்கிப் போனது. அதற்குக் கண் பார்வை குறைவு, மோப்பம் அதிகம். திடீரென்று கிட்டத்தில் ஆள் வந்தால்தான் பயந்து பாயும். சைக்கிள் சத்தமில்லாமல் வருகிற வண்டி, அதுதான் ஆபத்து.

மணிமுத்தாறில் டீக்கடை வைத்திருக்கிற ஆச்சியிடம் சொன்னோம். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "பழத்துக்கும் புத்துக்கும் எறங்கி வரும்யா. வெளிச்சம் வந்துட்டா அது பாட்டுக்கு மேல போயிரும். நீங்களும் வெளிச்சம் வரட்டும்னு இருங்க, மலை எங்கயும் ஓடிராது" என்றார். அப்புறம் மலையடிவாரத்துச் சாலை எதிலும் நான் சூரியன் வருவதற்கு முன்னால் கால் வைப்பதில்லை. பாபநாசம், களக்காடு, திருக்குறுங்குடி, கடையம் பக்கம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

நீலகிரியிலும் இது உதவும். மசினகுடி யானைக்காடு. குன்னூர், கோத்தகிரி சாலைகளில் காட்டுமாடு தேயிலைத் தோட்டத்திலிருந்து சர்வ சாதாரணமாக இறங்கி வரும். ஆயிரம் கிலோவுக்கு வரக்கூடிய மிருகம் அது. நின்று வழி விடுங்கள். போட்டோ எடுக்கப் பக்கத்தில் போகிறவரோடு சேர்ந்து ஓட்டாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

சங்கரன்கோவிலிலிருந்து

எங்கள் பக்கம் மலையும் கிடையாது, கரடியும் கிடையாது. முள் உண்டு. உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும்.

பஞ்சர் கடை அண்ணாச்சி ஒருவர் காட்டியதைச் சொல்கிறேன். என் தம்பிக்கு ஒரே சக்கரத்தில் காலையில் ஒரு தடவை, பத்து கி.மீ. தாண்டி இன்னொரு தடவை காற்று இறங்கியது. அண்ணாச்சி ட்யூபை ஒட்டுவதற்கு முன்னால் டயரைக் கையில் எடுத்தார். ஒரு துண்டுப் பஞ்சை டயருக்கு உள்பக்கமாகச் சுற்றி ஓட்டினார். ஒரு இடத்தில் பஞ்சு இழை பிடித்து நின்றது. கண்ணுக்குத் தெரியவில்லை. டயரை அந்த இடத்தில் வெளிப்பக்கமாக மடக்கினார், அரிசி நொய் அளவுக்கு ஒரு முள்நுனி எட்டிப் பார்த்தது. ஊசியால் உள்ளேயிருந்து வெளியே தள்ளி எடுத்தார். முள் உடைந்து மேல்பாதி விழுந்துவிடும், நுனி ரப்பருக்குள் தங்கிவிடும். அதை எடுக்காமல் எத்தனை ட்யூப் மாற்றினாலும் பிரயோஜனமில்லை. இப்போது எங்கள் குழுவில் எல்லோரிடமும் ஒரு துண்டுப் பஞ்சும் ஊசியும் இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் ட்யூபில் மெல்லிசான பிரெஸ்டா வால்வு என்றால் ஊர்ப் பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி வால்விலேயே மாட்டி வையுங்கள்.

வள்ளியூரிலிருந்து

அண்ணன்மார் எல்லோரும் எதிர்காற்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அடிப்பது பக்கக்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் நாற்கரச் சாலையைக் குறுக்கே வெட்டும்.

தெற்கே போகும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து வரும். நாம் தன்னையறியாமல் சைக்கிளை வலப்பக்கம் சாய்த்துத்தான் ஓட்டுவோம். அந்த நேரம் ஒரு பஸ் வலப்பக்கமாக முந்தினால் அது காற்றை மறைத்துவிடும். சாய்ந்திருந்த சைக்கிள் பஸ்ஸைப் பார்த்தே இழுக்கும். பஸ் தாண்டிய மறு நொடி காற்று திரும்ப அறைந்து இடப்பக்கம் தள்ளும். என்னோடு ஓட்டுகிற அக்கா ஒருவர் இப்படித்தான் சாலையோரக் கம்பியில் போய் மோதினார், நல்லவேளை முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அதற்குப் பிறகு ஆடிக்காற்றில் நாங்கள் நாற்கரச் சாலையில் தெற்கே போவதில்லை. ராதாபுரம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் ஓட்டுகிறோம். நாற்கரச் சாலையில் போயே ஆக வேண்டும் என்றால் வடக்கே போகிற பக்கம் பரவாயில்லை, காற்று இடப்பக்கம், முந்துகிற வண்டி வலப்பக்கம், மறைப்பு கிடையாது. மலையில் வளைவு திரும்பும்போதும் இதே மாதிரி காற்று திடீரென்று திசை மாறும், முழங்கையை விறைக்காமல் லேசாக மடக்கி வைத்திருந்தால் சைக்கிள் தானே நிமிர்ந்துகொள்ளும்.

பெண்கள் இந்தச் சாலைகளில் ஓட்டும்போது சந்திக்கிற கேள்விகள் வேறு. காட்டு வேலைக்குப் போகிற அக்காமார் கூட்டம் ஒன்று ராதாபுரம் சாலையில் எங்களைத் தினமும் பார்க்கும். முதலில், "எந்தூரு தாயி? வீட்ல ஆம்பளையாள் வரலையா?" என்பார்கள். ஒரு நாள் நின்று, ஊட்டி மலையேறப் போகிறோம், அதற்குத்தான் இந்தப் பாடு என்று விளக்கமாகச் சொன்னேன். அதிலிருந்து நாங்கள் கடந்து போனாலே தூரத்திலிருந்து "ஊட்டிக்காரி போறா" என்று கை காட்டுவார்கள். ஒரு அம்மா, "காலையில என்ன தின்ன?" என்று கேட்டுவிட்டு மடியிலிருந்து கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்தார். அதை உறிஞ்சிக்கொண்டு போன அன்றைக்குத்தான் கருப்பட்டியைச் சவாரிச் சாப்பாடாக யோசித்தேன்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல ஆசை, ஏனென்றால் மலையில் பலர் நிற்பது கால் ஓய்ந்து அல்ல, வயிறு காலியாகி. நம்ம உடம்பில் சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து கடுமையாக ஓட்டினால் இரண்டு மணி நேரம் சொச்சத்தில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் கண் இருட்டும், எரிச்சல் வரும், கை நடுங்கும். அதனால் கிளம்பிய அரை மணியிலிருந்தே மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழம் ஏறக்குறைய 25 கிராம். நான் ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து, கால் தேக்கரண்டி உப்புப் போட்டு எடுத்துப் போகிறேன். அது ஒரு மணி நேரத்துக்கு, கூடவே அரைப் பழம். வடிகட்டாமல் ஊற்றாதீர்கள், பாட்டில் வாயில் கசடு அடைக்கும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எனக்கு உயிர், ஆனால் கடலையில் எண்ணெய் இருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும். ஏற்றத்துக்கு முன்னால் வேண்டாம், சமதரையில் மெல்லலாம். அல்வாவும் அப்படியே, நெய் வயிற்றில் நிற்கும். பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் சவாரி அன்றைக்குத் தொடாதீர்கள். இது ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தென்காசியிலிருந்து, மறுபடியும்

வள்ளியூர்த் தங்கச்சி சொன்ன பஸ் விஷயம் கேரளா பக்கத்து இறக்கத்திலும் நடக்கும், கவனம். அல்வா போலத்தான் பார்டர் பரோட்டாவும். செங்கோட்டை வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போக முடியாது, தெரியும். சவாரி முடித்துத் திரும்பி வந்து சாப்பிடுங்கள்.

கடையத்திலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். நான் புதுசு. வயது நாற்பத்தைந்து. என்னிடம் இருப்பது முன்னால் 50, 39 பல், பின்னால் 11 முதல் 25 பல் வரை போட்ட பழைய ரேஸ் சைக்கிள், சொந்தக்காரர் ஒருவர் கொடுத்தது. சமதரையில் நன்றாகப் போகிறது. புளியரையில் ஏறினால் முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது. இதோடு நீலகிரி போக முடியுமா, இல்லை அடுத்த வருஷம் பார்க்கணுமா?

பாளையங்கோட்டையிலிருந்து

கடையத்து அண்ணனுக்கு: போகலாம், ஆனால் இந்தப் பல்லோடு வேண்டாம். 39-க்கு 25 என்றால் மிதி ஒரு சுற்றுக்கு 3.3 மீட்டர். கல்லட்டியில் ஏழரை கி.மீ. வேகத்தில் போனால் நிமிஷத்துக்கு 38 சுற்றுதான் மிதிப்பீர்கள். ஒவ்வொரு மிதியிலும் முழு பாரமும் முழங்காலில் இறங்கும். புளியரையில் வலிப்பது பெரும்பாலும் அதனால்தான். சீட்டும் தாழ்வாக இருக்கலாம். மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்க வேண்டும். அதைச் சரிபார்த்த பிறகும் வலி இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், வலியோடு பழகாதீர்கள்.

பல்சக்கரத்துக்கு: உங்கள் கிராங்க் அமைப்பில், அதாவது மிதியும் முன்பல்லும் மாட்டியிருக்கிற பகுதியில், 39-க்குக் கீழே முன்பல் பொருந்தாமல் போகலாம். பின்னால் 32 அல்லது 34 பல் வரை உள்ள கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) போடலாம், அப்படியென்றால் செயினைப் பல் மாற்றுகிற பின்பக்க டிரெயிலியர் நீளக்கை உள்ளதாக இருக்க வேண்டும், செயினையும் நீளமாக்க வேண்டும். இல்லையென்றால் முன்னால் 50/34 கிராங்கையே மாற்றிவிடலாம். சைக்கிளை நேரில் பார்க்காமல் எது மலிவு என்று சொல்ல முடியாது. வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை காட்டுங்கள்.

நேரம் போதுமா என்றால், இப்போது ஆடிதான் நடக்கிறது. ஆவணி முடிய காற்றில் வாரம் இரண்டு நாள், ஞாயிற்றுக்கிழமை நீண்ட சவாரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலை வழுக்கும், அப்போது தூரத்தைக் குறைத்து ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கப் பழகலாம், ரிம் பிரேக் என்றால் தண்ணீரைத் துடைத்துப் பிடிக்க ஒரு சுற்று இரண்டு சுற்று ஆகும். நடுவில் ஒரு 200 கி.மீ. பிரேவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்கிற நீண்ட தூரச் சவாரி, ஓட்டிப் பாருங்கள், பதின்மூன்றரை மணி நேரம் கொடுப்பார்கள். பகல் முழுக்க சீட்டில் உட்கார்ந்தால் எங்கே உரசும், எது வலிக்கும் என்று அதில் தெரிந்துவிடும். கிளம்புவதற்கு முந்தைய பத்து நாள் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், அந்தப் பத்து நாளில் புதிதாக எந்த பலமும் சேராது, சேர்த்த களைப்பு மட்டும் இறங்கும்.

இந்த ஞாயிறு நாங்கள் செங்கோட்டையிலிருந்து தென்மலை போகிறோம். காலை ஆறரைக்கு, நன்றாக வெளுத்த பிறகு, செங்கோட்டை பஸ் ஸ்டாண்ட் எதிரே வாருங்கள். தென்காசித் தம்பி இறக்கத்தில் முன்னால் போவார், நான் கடைசியில் வருவேன். பின்விளக்கு, இரண்டு ட்யூப், பஞ்சும் ஊசியும் எடுத்து வாருங்கள். உங்களுக்காக 34 பல் கேசட் போட்ட ஒரு பின்சக்கரம் கொண்டுவருகிறேன். உங்கள் சைக்கிளில் பொருந்தினால் அதிலேயே ஏறிப் பாருங்கள், முழங்கால் என்ன சொல்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பொருந்தவில்லையென்றால் என் சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம், உயரம் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.